இக்கெனோபோ மலர்க்கலை மரபு

இக்கெனோபோ, யப்பானிய மலர்க்கலையான இக்கெபானாவின் மிகப் பழைய மரபு. கியோத்தோ நகரின் நடுவிலுள்ள ரொக்ககுதோ என்னும் அறுகோணப் பௌத்த ஆலயமே இதன் தாய்வீடு. ஆலயக் குளத்தருகே இருந்த குருமார் இல்லத்தால் இப்பெயர் வந்தது. அவ்வாலயத்தின் தலைமைக் குருவே வழிவழியாக மரபின் தலைமை ஆசானும் ஆவார்.

புத்தருக்குப் பூ வைக்கும் வழிபாட்டில் இக்கலை வேர்கொண்டது. அவ்வழிபாடு இலங்கையின் திருகோணமலையிலும் பழமையானது. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இராஜராஜப் பெரும்பள்ளி என்று குறிக்கும் வெல்கம் விகாரை, ஊரார் சொல்லும் நாதனார் கோயில், இம்மாவட்டத்தில்தான் உள்ளது. இலங்கை விகாரைகளில் தாமரையையும் ஈழத்தலரியையும் பெரும்பாலும் காம்பு களைந்து பீடத்தில் பரப்புவார்கள். அவை வாடுவதைக் கண்டு நிலையாமையை எண்ணுவார்கள். யப்பானிலோ கிளையும் இலையுமாகச் சாடியில் நிமிர்த்தி வைத்தார்கள். கலை அங்கே தொடங்கியது.

சீனம் சென்று திரும்பிய ஒனோ நோ இமோக்கோ என்ற தூதரே முதல் குரு என்பது மரபுக்கதை. உறுதியான சான்று 1462இல் கிடைக்கிறது. சென்கெய் என்ற இக்கெனோபோ குரு ஒரு சாமுராயின் அழைப்பில் பொற்சாடியில் பல பத்துக் கிளைகளை அமைத்தார் என்றும், நகரத்தார் திரண்டு வந்து பார்த்தார்கள் என்றும் துறவி ஒருவரின் நாட்குறிப்பு கூறுகிறது. பூசைப் பொருள் பார்வைக்குரிய கலையாகிவிட்டதை அந்தக் கூட்டமே காட்டுகிறது.

ஐந்தாண்டுகளுக்குள் மூண்ட ஓனின் போர் (1467–1477) கியோத்தோவைச் சாம்பலாக்கியது. அதன்பின் எழுந்தவர் இக்கெனோபோ ஆசான் சென்னோ. 1542ஐச் சேர்ந்த அவரது உபதேச நூல், அழகிய பூவை மட்டும் போற்றாமல் செடியின் இயல்பைப் பார்க்கச் சொல்கிறது. பட்ட கிளைக்கும் அதில் இடமுண்டு. இக்கெனோபோவின் உயிர்நாடி இந்த ஒரு நூலில் இருக்கிறது. பிற்கால விதிகள் யாவும் இதன் விரிவுரைகளே.

1594இல் மயேதா பிரபுவின் மாளிகையில், அந்நாளைய ஆட்சியாளர் ஹிதெயோஷியை வரவேற்க, இக்கெனோபோ ஆசான் முதலாம் சென்கோ பிரமாண்டமான பைன் அமைப்பு ஒன்றைச் செய்தார். பின்சுவர் ஓவியங்களிலிருந்த குரங்குகள் அக்கிளைகளில் ஏறி விளையாடுவதுபோல் தோன்றினவாம். அடுத்த நூற்றாண்டில் இரண்டாம் சென்கோ, பேரரசர் கோ-மிசுனோவின் ஆதரவுடன், மலையும் அருவியும் ஒரே சாடியில் தோன்றும் ரிக்கா என்ற வடிவத்தை முழுமையாக்கினார். மூன்று முதன்மைக் கிளைகளாலான எளிய ஷோக்கா வடிவம், எதோ என்னும் ஆட்சிக் காலத்தில் வீடுகளுக்குப் பரவியது.

1879இல் கியோத்தோ மகளிர் பாடசாலையில் இக்கெனோபோ ஆசான் பாடம் நடத்தினார். கலை பெண்களிடம் பெருமளவில் சென்றது. இம்மரபில் பயின்ற ஓஹாரா உன்ஷின், 1895இல் தனிவழி கண்டு, தட்டையான தாலத்தில் பூ அமைக்கலானார். 45ஆம் தலைமை ஆசான் சென்ஏய் 1977இல் ஷோக்காவுக்கும் 1999இல் ரிக்காவுக்கும் புதிய வடிவங்களை வகுத்தார். அவருடைய மகள் 2015இல் நான்காம் சென்கோ என்ற பெயரை ஏற்றார். அடுத்த தலைமைக்கு நியமனம் பெற்ற முதல் பெண் அவர். கலையைக் காத்தவர்களில் பெண்களின் பங்கை நினைத்தால், இந்த நியமனம் மிகத் தாமதமானது.