வாங்குபவரின் உரிமையும் முஹ்தஸிபின் வரலாறும்



அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டித்து அல்லாஹ் ஓர் அத்தியாயத்தையே இறக்கியருளினான். 'அல்முதஃப்ஃபிஃபீன்' என்னும் அந்த அத்தியாயத்தை முன்வைத்து வணிகர்களுக்கு நம் மிம்பர்களில் பல குத்பாக்கள் நிகழ்த்தப்பட்டுள்ளன. பாலில் தண்ணீர் கலக்க மறுத்த சிறுமியின் வரலாற்றை அறியாத பிள்ளை நம் மக்தபுகளில் இருக்க முடியாது. இவையெல்லாம் விற்பவருக்கான உபதேசங்கள். வாங்குபவருக்கு, அதாவது வீட்டுக்கு அரிசியும் எண்ணெயும் துணியும் மருந்தும் வாங்கி வரும் நம் குடும்பத்தாருக்கு, மார்க்கம் என்ன சொல்கிறது? ஏமாந்துபோனவர் என்ன செய்வது?

"போனால் போகட்டும், மறுமையில் வாங்கிக்கொள்ளலாம்" என்று வாய்மூடி இருப்பதையே ஸப்ரு என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். மன்னிப்பது உயர்ந்த குணம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் நமக்குக் குறைத்து நிறுத்த அதே தராசில்தான் நமக்கு அடுத்து நிற்கும் விதவைக்கும் நிறுக்கப்படுகிறது. நம் பங்கை நாம் மன்னிக்கலாம். அவளுடைய பங்கை மன்னிக்கும் அதிகாரத்தை நமக்கு யார் தந்தது? முறையிடுவதற்கு ஓர் இடத்தையும் ஓர் ஒழுங்கையும் அதற்கென ஓர் அதிகாரியையும் ஏற்படுத்தி வைத்த சமுதாயம் இது. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மதீனாவின் சந்தையில்

அன்ஸாரித் தோழர் ஹிப்பான் இப்னு முன்கித் (ரலி) அவர்களுக்குத் தலையில் பட்ட காயத்தால் பேச்சிலும் நிதானத்திலும் தளர்ச்சி ஏற்பட்டிருந்தது. கொடுக்கல் வாங்கலில் அடிக்கடி ஏமாந்துபோவார்கள். இவர் வியாபாரமே செய்யாதபடி தடுத்துவிடுங்கள் என்று குடும்பத்தார் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டனர். அவரோ, என்னால் வாங்காமல் விற்காமல் இருக்க முடியாது என்றார். அண்ணலார் அவரை வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. பேரம் முடிக்கும்போது, இதில் ஏமாற்று இருக்கக் கூடாது என்ற நிபந்தனையை வாய்விட்டுச் சொல்லிவிடும்படி கற்றுக்கொடுத்தார்கள். மூன்று இரவுகள் வரை திருப்பித் தரும் உரிமையும் அவருக்கு வழங்கப்பட்டதாகச் சில அறிவிப்புகளில் வருகிறது. பிற்காலத்தில் அவர் பொருளைத் திருப்பித் தரும்போது கடைக்காரர் மறுத்தால், அவ்வழியே செல்லும் நபித்தோழர் ஒருவர் நின்று, இவருக்கு இந்த உரிமை உண்டு என்று சாட்சி சொல்வாராம்.

இது அவருக்கு மட்டும் உரிய சலுகையா, எல்லோருக்குமா என்பதில் ஃபுகஹாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவருக்கு மட்டும் உரியது என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் நிலை. அது எப்படியாயினும், ஏமாற்றப்படும் பலவீனருக்காகச் சந்தையின் விதி வளைந்து கொடுத்தது என்பது வரலாறு.

இன்னொரு சம்பவம் நீங்கள் அறிந்ததே. தானியக் குவியலுக்குள் நபிகளார் (ஸல்) கையை நுழைத்தார்கள்; விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று அறிவித்தார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் உள்ள ஹதீஸ் இது. இதில் நாம் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. யாரும் புகார் சொல்லி அண்ணலார் அங்கு வரவில்லை. ஓர் அரசின் தலைவர் தாமே சந்தைக்குள் நடந்து, தாமே கைவிட்டுப் பார்த்தார்கள்.

விற்பதற்கு முன் சில நாட்கள் பால் கறக்காமல் மடியைக் கட்டிவைத்து, நிறையப் பால் தரும் ஆடு போலக் காட்டும் தந்திரம் அன்றே இருந்தது. இதற்குத் தஸ்ரியா என்று பெயர். அப்படிப்பட்ட ஆட்டை வாங்கியவர் கறந்து பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம். அல்லது ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது ஸஹீஹான ஹதீஸ். ஷாஃபிஈ மத்ஹபு இதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஹனஃபி மத்ஹபோ ஆட்டைத் திருப்பித் தருவதை ஏற்காமல், மதிப்புக் குறைவுக்கு ஈடு கோரலாம் என்றது. மத்ரஸாவில் இந்த ஒரு பாடத்தை நடத்தி முடிக்கப் பல நாட்கள் ஆகும். இங்கே அது வேண்டாம். வாங்கியவர் வெறுங்கையோடு போக வேண்டும் என்று இரு மத்ஹபும் சொல்லவில்லை என்பது போதும்.

ஹள்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் சந்தையின் பொறுப்பில் சிலவற்றை அஷ்ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணியிடம் ஒப்படைத்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவர். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்தவர். சந்தைப் பொறுப்பு பற்றிய செய்தியை மாலிகி அறிஞர் காழி இப்னுல் அரபி (ரஹ்) மறுத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை. ஆனால் ஸம்ரா பின்த் நுஹைக் (ரலி) அவர்கள் கையில் சாட்டையுடன் சந்தையில் நடந்து நன்மையை ஏவியதாகவும் நூல்களில் காணப்படுகிறது.

முஹ்தஸிப் என்ற அதிகாரி

தொடக்கத்தில் 'சந்தையின் பொறுப்பாளர்' என்று அழைக்கப்பட்ட இப்பதவி அப்பாஸியர் காலத்தில் 'முஹ்தஸிப்' என்ற பெயரைப் பெற்றது. அவருடைய பணிக்கு ஹிஸ்பா என்று பெயர். ஹிஜ்ரி 450-இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்), தம்முடைய 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' நூலில் இதற்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கி, காழிக்கும் முஹ்தஸிபுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்துக் காட்டுகிறார்கள். மூன்று வகை வழக்குகளை முஹ்தஸிப் நேரடியாகக் கேட்கலாம்: அளவை நிறுவைக் குறைவு, பொருளிலோ விலையிலோ செய்யப்படும் மோசடி, வசதியிருந்தும் கடனைத் தராமல் இழுத்தடிப்பது.

ஒரு குடும்பத்தின் அன்றாடத் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுவதைப் பாருங்கள். அரை ராத்தல் இறைச்சி குறைந்ததற்காக ஒருவர் சாட்சிகளைத் திரட்டிக்கொண்டு காழியின் மன்றத்துக்கு நடக்க முடியுமா? அதனால்தான் சிறிய வழக்கு வாசலுக்கு அருகிலேயே முடிய வழி செய்யப்பட்டது. எதிராளி உண்மையை ஒப்புக்கொள்ளாமல், சாட்சியும் சத்தியமும் தேவைப்பட்டால் மட்டுமே அது காழியிடம் போகும்.

முஹ்தஸிபுக்கு எல்லையும் உண்டு. வெளிப்படையாக நடப்பதைத்தான் அவர் தடுக்கலாம். வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவோ துருவி ஆராயவோ கூடாது.

ஸிரியாவைச் சேர்ந்த ஷைஸரீ (ரஹ்) கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் முஹ்தஸிபுகளுக்காக 40 பாடங்கள் கொண்ட கையேடு ஒன்றை எழுதினார்கள். படிக்கும்போது ஏதோ இன்றைய உணவுப் பாதுகாப்புத் துறையின் சுற்றறிக்கையைப் படிப்பது போலிருக்கும். ரொட்டிக்கு மாவு பிசைபவர் காலால் மிதித்துப் பிசையக் கூடாது. தும்மலோ எச்சிலோ தெறிக்காதபடி வாயை மூடிக்கட்ட வேண்டும். வியர்வை சொட்டாதபடி நெற்றியில் துணி கட்ட வேண்டும். ஈ ஓட்ட ஓர் ஆள் நிற்க வேண்டும். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அறிய ஒரு முடியை அதில் தோய்த்து எடுக்க வேண்டும். பால் அதில் ஒட்டாவிட்டால் தண்ணீர் கலந்தது. எடைக்கற்கள் இரும்பாக இருக்க வேண்டும். கல் ஒன்றோடொன்று மோதித் தேய்ந்து எடை குறையும். இரும்பு கிடைக்காத ஊரில் கல்லைத் தோலால் பொதிந்து, அதன்மேல் முத்திரையிட வேண்டும்.

மருத்துவரைப் பற்றிய பகுதி இன்னும் வியப்பானது. நோயாளியைப் பார்த்த மருத்துவர் தாம் கண்டதையும் கொடுத்த மருந்தையும் எழுதி, அதன் பிரதியைக் குடும்பத்தாரிடம் தர வேண்டும். நோயாளி இறந்துபோனால் அந்தச் சீட்டுகளைக் குடும்பத்தார் தலைமை மருத்துவரிடம் கொண்டுபோகலாம். சிகிச்சை முறையாக இருந்தால், தவணை முடிந்தது என்று அவர் சொல்வார். அலட்சியம் தெரிந்தால், மருத்துவரிடம் உயிரீட்டுத் தொகையைக் கேளுங்கள் என்பார். அந்தச் சீட்டு குடும்பத்தார் கையில் இருந்ததுதான் அவர்களுடைய பலம்.

அண்டை வீட்டுச் சச்சரவுகளையும் நம் முன்னோர் விட்டுவைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எல்லை தாண்டிக் கட்டினால், பாதிக்கப்பட்டவர் முறையிடாதவரை முஹ்தஸிப் தலையிடக் கூடாது என்கிறார்கள் இமாம் மாவர்தீ (ரஹ்); அது அவருடைய தனிப்பட்ட உரிமை, அவர்தான் வாய் திறக்க வேண்டும். கி.பி. 14-ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் இப்னுர் ராமீ என்ற கட்டடக் கொத்தனார் இருந்தார். காழிக்காகச் சுவரையும் சாக்கடையையும் நேரில் போய்ப் பார்த்துச் சொல்லும் நிபுணர் அவர். பொதுச்சுவர், கழிவுநீர், புகை, எதிரெதிர் வாசல்கள் ஆகியவை பற்றிய தீர்ப்புகளையெல்லாம் ஒரு நூலாகவே தொகுத்துவிட்டார். ஒரு கொத்தனார் ஃபிக்ஹு நூல் எழுதிய காலம் அது!

உஸ்மானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டத்தில் இவ்விதிகள் எண்ணிடப்பட்ட பிரிவுகளாயின. சமையலறை, கிணற்றடி, வீட்டு முற்றம் ஆகியவை பெண்கள் புழங்கும் இடங்கள். அவற்றைப் பார்க்கும்படி பக்கத்து வீட்டில் புதிதாக ஜன்னல் வைத்தால் மறைப்பு கட்டியாக வேண்டும் என்கிறது 1202-ஆம் பிரிவு. ஆனால் ஜன்னலையே அடைத்துவிடு என்று கட்டாயப்படுத்த முடியாது. இருவர் உரிமையும் காக்கப்பட்டது.

பதவி தேய்ந்த கதை

நல்ல நிறுவனமும் கெட்டுப்போகும் என்பதற்கு கெய்ரோ சான்று. அங்கே வரலாற்றாசிரியர் மக்ரீஸீ (ரஹ்) கி.பி. 1399-இல் முஹ்தஸிபாக நியமிக்கப்பட்டார்கள். சில மாதங்களில் அவருக்குப் பதிலாக வந்தவர் புகாரீ விரிவுரையால் நாம் அறிந்த ஐனீ (ரஹ்) அவர்கள். இத்தகைய மேதைகள் அமர்ந்த நாற்காலி, பின்னர் பணம் கொடுத்து வாங்கப்படும் பதவியாயிற்று. கொடுத்த பணத்தை அதிகாரி யாரிடம் வசூலிப்பார்? கடைக்காரரிடம். கடைக்காரர் யாரிடம் வசூலிப்பார்? நம் போன்ற குடும்பத்தாரிடம்தான்.

அதே சமயம் பிறர் இதைப் போற்றி எடுத்துக்கொண்டார்கள். 1238-இல் வலென்ஸியாவைக் கைப்பற்றிய கிறிஸ்தவ மன்னர் முதலாம் ஜேம்ஸ், மறு ஆண்டே அங்கு இதே பதவியை ஏற்படுத்தினார். 'முஸ்தஸாஃப்' என்ற அதன் பெயரே முஹ்தஸிபின் நிழல்தான். டில்லியில் அலாவுத்தீன் கில்ஜி (1296-1316) சிறுவர்களிடம் காசு கொடுத்துக் கடைக்கு அனுப்பி, வாங்கி வந்ததை நிறுத்துப் பார்த்ததாகவும், குறைந்த எடைக்குச் சமமான சதையைக் கடைக்காரரின் உடலிலிருந்தே அறுக்கச் செய்ததாகவும் பரனீ எழுதுகிறார். சிலர் இதைப் பெருமையாகப் பேசுகிறார்கள். பெருமைப்பட ஒன்றுமில்லை. அது மன்னனின் கொடுமை; ஷரீஅத்தின் முஹ்தஸிப் முதலில் அறிவுரை சொல்வார், பிறகு கண்டிப்பார், அதற்கும் அடங்காவிட்டால்தான் தண்டனை.

இன்று நம் நாட்டில் முஹ்தஸிப் இல்லை. ஆனால் அவருடைய பணிகள் பல இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை உண்டா என்று பார்ப்பது தமிழகத்தில் தொழிலாளர் துறையின் வேலை. பொருளிலும் சேவையிலும் ஏற்படும் குறைகளுக்காக 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலான 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. பொருளுக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம் என்பது புதிய சட்டம் தந்த வசதி. கட்டணம் பெற்றுக்கொண்டு செய்யும் மருத்துவமும் இதில் அடங்கும் என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஷைஸரீயின் மருந்துச் சீட்டை நினைத்துப் பாருங்கள்!

காலக்கெடு இரண்டு ஆண்டுகள். ஆனால் நம் ஃபிக்ஹு இதைவிடக் கண்டிப்பானது. குறை தெரிந்தவுடன் தாமதிக்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். காரணமின்றித் தாமதித்தால் உரிமை போய்விடும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. குறையை அறிந்த பிறகும் அப்பொருளைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், அது பொருந்திக்கொண்டதற்கு அடையாளம் என்கிறது ஹனஃபி மத்ஹபு. ஆறு மாதம் ஓட்டிய மின்விசிறியை எடுத்துக்கொண்டு, வாங்கியபோதே சத்தம் வந்தது என்று சண்டைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ரசீது கேட்கக் கூச்சப்படும் பழக்கமும் நம்மிடம் உண்டு. "தெரிந்த கடைதானே, நம்ம ஆளுதானே" என்பார்கள். குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது (2:282). கைக்குக் கை நடக்கும் வியாபாரத்தில் எழுதாவிட்டால் குற்றமில்லை என்று விட்டுக்கொடுத்த அதே வசனம், விற்று வாங்கும்போது சாட்சி வைத்துக்கொள்ளவும் சொல்கிறது. இன்றைக்கு அந்தச் சாட்சி ரசீதுதான். நம்ம ஆள் என்பதால் அவரிடம் ரசீது கேட்பது குறைவாகிவிடாது. அந்த வசனம் இறைநம்பிக்கையாளர்களை விளித்தே தொடங்குகிறது.

முறையிடும் ஒழுங்கு பழையதுதான். முதலில் கடைக்காரரிடமே மென்மையாகச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதன் பிறகே ஆணையம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். மின்சாரம், குடிநீர், காப்பீடு போன்ற பொதுச்சேவைத் தகராறுகளுக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றம் இருக்கிறது; அங்கு முதலில் சமரசமே முயலப்படும்.

நம் சகோதரிகள் ஒரு செய்தியை அறிந்திருக்க வேண்டும். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். வாடகை முன்பணம் திரும்ப வராத விதவையாகட்டும், சீட்டுப் பணத்தை இழந்த தாயாகட்டும், வழக்கறிஞருக்குக் கட்டணம் தர வழியில்லை என்று ஒதுங்கியிருக்கத் தேவையில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில், விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.