சேற்றில் சிக்காத போர்ப்படகு

தடாவில் சென்னை–நெல்லூர் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பிப் போனால் பீமுலவாரிபாளையம் படகுத்துறை வரும். எதிரே பழவேற்காடு ஏரி. கரையில் நின்று பார்ப்பவருக்குக் கடல் மாதிரித் தெரியும். இறங்கினால் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். கோடையில் வடபகுதி வற்றி, உப்புப் பூத்த சேறாகிவிடும். நடுவே இருக்கம் தீவு. ஆந்திர எல்லைக்குள் இருந்தாலும் அங்கே பேச்சு தமிழ்தான். அரிசி மூட்டையானாலும் பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணானாலும் படகில்தான் ஏரியைக் கடக்க வேண்டும். ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா, அதற்கும் அப்பால் வங்கக் கடல்.

கப்பல் தரைதட்டும், ஜீப் புதையும் இடம் இது. இதே மாதிரி இடங்களிலும் ஓடக்கூடிய ஒரு போர் வாகனத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்: ஹோவர்கிராஃப்ட்.

அதைக் கண்டுபிடித்தவர் பிரிட்டிஷ் பொறியாளர் கிறிஸ்டோபர் காக்கரெல். பூனை உணவு அடைத்து வந்த டப்பா ஒன்றைக் காப்பித்தூள் டப்பாவுக்குள் பொருத்தி, இரண்டுக்கும் இடையிலிருந்த வளைய இடுக்கு வழியாகக் காற்றை ஊதிச் சமையலறைத் தராசில் அதன் உந்துவிசையை அளந்தார். 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கடற்படைக்குக் காட்டினால் இது விமானம் என்றார்களாம். விமானப்படைக்குப் போனால் இது படகு என்றார்களாம். ஆனாலும் அரசு அதை ரகசியப் பட்டியலில் பூட்டி வைத்தது. ஒருவழியாக 1959 ஜூலை 25 அன்று ‘எஸ்.ஆர்.என். 1’ ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. எடையைச் சமன்படுத்துவதற்காக அதன் மேல்தளத்தில் இங்கும் அங்குமாக நகர்ந்தபடி பயணம் செய்தவர் காக்கரெலேதான்.

நுட்பம் எளிது. பெரிய விசிறிகள் காற்றை அடியில் தள்ளுகின்றன. சுற்றிலும் தொங்கும் ரப்பர் திரை அந்தக் காற்றைச் சுலபத்தில் வெளியேற விடாமல் பிடித்து வைக்கிறது. வாகனம் அந்தக் காற்று மெத்தைமேல் மிதக்கிறது. டன் கணக்கான எடை முழு அடிப்பரப்புக்கும் பரவுவதால், மனிதன் காலூன்றும்போது மண்ணில் விழும் அழுத்தத்தைவிடப் பல மடங்கு குறைவான அழுத்தமே விழுகிறது. தண்ணீர், மணல், சேறு எல்லாம் அதற்கு ஒன்றுதான். உடல் தண்ணீருக்குள் இல்லாததால் கண்ணிவெடிகளுக்கு அது எளிதில் அகப்படாது.

அமெரிக்காவும் அதைப் போர்க்களத்தில் இறக்கியது. 1966-ல் மூன்று ஹோவர்கிராஃப்டுகள் வியட்நாமின் மீகாங் கழிமுகத்துக்கு வந்தன. முகப்பில் சுறாவின் பல்வரிசை வரையப்பட்டிருந்தது. மேலே இயந்திரத் துப்பாக்கிகள். நாணல் மண்டிய சதுப்பில் படகுகள் திணறிய இடமெல்லாம் அவை சீறிப் பாய்ந்தன. ஆனால் அந்த இரைச்சல்! வண்டி வருவதற்கு வெகு முன்பே சத்தம் வந்துவிடும், எதிரி பதுங்கிக்கொள்வான். ஒன்றின் விலை ஏறக்குறைய 10 லட்சம் டாலர், பராமரிப்புச் செலவு அதற்கு மேல் தலைவலி. அமெரிக்கத் தரைப்படையும் தனியாக மூன்றை வாங்கி ஓட்டியது. 1970-ல் அவற்றில் இரண்டை இழந்தது. அத்தோடு வியட்நாமில் அதன் கதை முடிந்தது.

ஈரான் மன்னர் ஷா வாங்கிக் குவித்தார். சோவியத் யூனியன் ‘சூபர்’ என்ற ராட்சதனையே கட்டியது. 57 மீட்டர் நீளம், 555 டன் எடை. மூன்று டாங்குகளைச் சுமந்து நேராகக் கரையேறும். கிரீஸும் சீனாவும் அதை வாங்கின. பிரமாண்டம்தான். ஆனாலும் போரின் போக்கை ஒரு ஹோவர்கிராஃப்ட் மாற்றியதாக வரலாற்றில் எங்கும் இல்லை.

அதன் உண்மையான மதிப்பு தெரிந்தது ராமேஸ்வரம் அருகேயுள்ள நம் மண்டபத்தில். இந்தியக் கடலோரக் காவல் படை 2000-ம் ஆண்டு முதல் பிரிட்டனின் கிரிஃபன் நிறுவன வடிவமைப்பில் ஆறு ஹோவர்கிராஃப்டுகளைச் சேர்த்தது. கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளமும் அதில் பங்கேற்றது. மும்பைத் தாக்குதலுக்குப் பின் கடலோரக் காவல் இறுகியபோது, 2010-ல் மேலும் 12-க்கு ஆர்டர் போனது. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் இவற்றில் சில, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் நுழைய முடியாத மணல்திட்டுகளில் ரோந்து போகின்றன.

2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது, பிழைக்க வழியின்றிக் கடல் கடந்த ஆறு தமிழர்கள் அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள நான்காம் மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டார்கள். அவர்களில் ஒன்று கைக்குழந்தை. நிழலில்லாத அந்தத் திட்டிலிருந்து அவர்களைக் கரைசேர்த்தது ஹோவர்கிராஃப்ட்தான். 2024 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கங்காசாகர் யாத்ரீகர்கள் வந்த படகு காக்திவீப் அருகே தரைதட்டியபோது 182 பேரை மீட்டதும் இதே வாகனம்தான். போரில் இறக்கிய வாகனம் மனிதர்களைக் காப்பாற்றியே பேர் வாங்கியிருக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சியே.

2024 அக்டோபரில் கோவாவின் சௌகுலே நிறுவனத்துடன் பாதுகாப்பு அமைச்சகம் 387.44 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. ஆறு ஹோவர்கிராஃப்டுகள் உள்நாட்டிலேயே கட்டப்படுகின்றன.

பழவேற்காட்டுக்கும் ஒன்று வேண்டாமா? அன்றாட ரோந்துக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். ‘பாடு’ முறையில் ஊர்க்கட்டுப்பாட்டோடு முறைவைத்து வலை கட்டும் மீனவர்களின் ஏரி இது. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும் இடமும்கூட. வியட்நாமில் கேட்ட இரைச்சல் இங்கே தினமும் கேட்கக் கூடாது.

ஆனால் 2011 கிறிஸ்துமஸ் நாளை மறந்துவிட முடியாது. உல்லாசமாக வந்த குடும்பங்கள் சென்ற படகு இந்த ஏரியில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புயலிலும் வெள்ளத்திலும் இருக்கம் தீவு துண்டிக்கப்படுகிறது. தமிழ்நாடும் ஆந்திரமும் சேர்ந்து, மீட்புக்கென்று மட்டும் சிறிய ஹோவர்கிராஃப்ட் ஒன்றைப் பயிற்சி பெற்ற ஆட்களோடு தடா கரையில் நிறுத்த வேண்டும். ஏரி இரண்டு மாநிலங்களுக்கும் சொந்தம், பொறுப்பும் அப்படித்தான்.

(தொடரும்)