பணிசெயல் முறைமைகளின் வரலாறும் எமது தெரிவும்

கணினி தானாக யாதும் செய்யமாட்டாது. அதன் உறுப்புக்களை ஒழுங்குபடுத்தி, நாம் எழுதும் செய்நிரல்களை இயங்கவைக்கும் அடிப்படை மென்பொருளே பணிசெயல் முறைமை எனப்படும். செய்நிரலாக்கம் பயில விரும்பும் இளைஞர் எம்முறைமையைத் தெரிந்துகொள்ளுதல் தகும் என்னும் வினா இன்று எம்மிடையே அடிக்கடி எழுகின்றது. விளம்பரத்தை நம்பி விடை காண்பதிலும் வரலாற்றை நோக்கி விடை காண்பதே நன்று எனக் கருதுகின்றோம்.

1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் ரிட்சி என்போர் யுனிக்ஸ் என்னும் முறைமையைத் தொடங்கினர். 1973 இல் அது சீ என்னும் கணினி மொழியில் மீண்டும் எழுதப்பட்டது. அதன் பயனாக, ஒரு பொறிக்கென எழுதிய முறைமையைப் பிறிதொரு பொறிக்கு மாற்றுதல் எளிதாயிற்று. பல்கலைக்கழகங்கள் அதன் மூலநிரலைப் பெற்று மாணவர்க்குக் கற்பித்தன. பின்னர் வணிக உரிமைகள் இறுகவே, அந்நூல் வகுப்பறைக்கு எட்டாததாயிற்று.

1981 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சொந்தக் கணினியோடு மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் டொஸ் முறைமையும், 1985 இல் விண்டோசும் வெளிவந்தன. கணினியை வீடுதோறும் கொண்டுசென்ற பெருமை இவற்றுக்குண்டு. அதனை மறுத்தல் அறமன்று. எனினும், உள்ளே நடப்பதைப் பயில்வோர் பார்த்தறிய அவை இடந்தரவில்லை.

இக்குறையைக் கண்ட ரிச்சர்ட் ஸ்ரோல்மன், யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய முறைமையொன்றை ஆக்கும் முயற்சியை 1983 இல் அறிவித்தார். 1991 இல் பின்லாந்தின் கெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் தோர்வால்ட்ஸ், தமது 21 ஆம் வயதில், லினக்ஸ் கருவை எழுதி உலகுக்கு வழங்கினார்.

அவ்வேளையில் எமது நிலை யாது? 1990 இலேயே காங்கேசன்துறை மக்கள் வீடு வாசல் விட்டு இடம்பெயர்ந்தனர். குடாநாட்டில் மின்சாரமும் நின்றுபோயிற்று. எங்களிற் பலருடைய பெற்றோர் சிக்கன விளக்கில் படித்த காலம் அது. உலகம் கணினி பயின்ற ஆண்டுகளை நாம் இழந்தோம். பிந்தி வந்தவன் முந்தியவனை எட்டவேண்டுமாயின், ஏட்டை முதலிலிருந்து புரட்டிப் படிக்க வழி வேண்டும். திறந்த மூலநிரல் அவ்வழியைத் தருகின்றது.

இது வெறுங் கனவன்று. 2004 மார்கழி 26 இல் ஆழிப்பேரலை எமது தீவைத் தாக்கியபோது, இலங்கைத் தொண்டர்கள் கூடிச் சகனா என்னும் மென்பொருளை எழுதினர். காணாமற் போனோரைத் தேடவும் முகாம்களைப் பதியவும் உதவிப் பொருள்களைக் கணக்கிடவும் அது பயன்பட்டது. திறந்த மென்பொருள்களை அடித்தளமாகக் கொண்டமையால் உரிமைக் கட்டணத்துக்குக் காத்திருக்க நேரவில்லை. 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும் அது பணிபுரிந்தது.

“விண்டோஸ் அறியாதவனுக்கு வேலை யார் கொடுப்பார்?” எனப் பெரியோர் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. அலுவலகங்களிற் பல விண்டோசையே கையாளுகின்றன. ஆனால் 2017 கார்த்திகை முதல் உலகின் அதிவேகக் கணினிகள் 500 உம் லினக்சிலேயே இயங்கி வருகின்றன. அன்ட்ரொயிட் கைபேசியின் கருவும் அதுவே. 2016 இல் விண்டோசுக்குள்ளேயே லினக்ஸ் கருவிகளை இயக்க மைக்ரோசொவ்ற் வழிசெய்தது. ஆகவே ஒன்றைக் கற்பதற்கு மற்றதைத் துறக்கவேண்டியதில்லை; ஒரே கணினியில் இரண்டையும் நிறுவலாம்.

திருட்டுப் பிரதியை நிறுவுதல் மட்டும் தகாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் காப்பளிக்கின்றது. விலையின்றி நேரிய வழியிற் கிடைக்கும் முறைமை இருக்க, களவை நாடுவானேன்?

ஆதலின், செய்நிரலாக்கம் பயிலும் இளைஞர் லினக்சிலே தொடங்குவதே சாலச் சிறந்ததென்பது எமது துணிபு. பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டு மூலையிற் கிடக்கும் பழைய கணினியைப் பழைய இரும்புக்கு விற்றுவிடாதீர்கள். அதிலும் இயங்கத்தக்க இலகுவான லினக்ஸ் வடிவங்கள் உள. அதனை ஒரு மாணவரிடம் கொடுங்கள். இழந்த ஆண்டுகளில் ஒன்றையேனும் அவர் மீட்டுத் தருவார்.