காவா வழியே வந்த விறகு

என் பாட்டி "காவா" என்று சொன்னால் சாக்கடையைச் சொல்கிறாள் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். திருவொற்றியூரில் வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? "அட போடா, நாங்க சோறாக்கினதே அதுல வந்த கட்டையிலதான்" என்பாள். தாத்தா ராயபுரத்தில் ஒரு விறகுத்தொட்டியில் கணக்கெழுதியவர். மழையில் நனைந்து வந்த சவுக்குக் கட்டையை எந்த எடைக்கு எடுப்பது என்று படகுக்காரர்களோடு தினமும் தகராறாம்.

அந்தக் காவா, பக்கிங்ஹாம் கால்வாய். 1801-ல் வெட்டத் தொடங்கி, 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வந்தது. முதலில் காக்ரேன் கால்வாய் என்றே பெயர். 1837-ல் அரசு எடுத்துக்கொண்டது. பிறகு பழவேற்காடு ஏரியைத் தொட்டு, ஆந்திரக் கரையோரமாக வடக்கே நீண்டது. தெற்கே மரக்காணம் வரை. மொத்தம் சுமார் 420 கிலோமீட்டர். 1876–78 பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்களைக் கொண்டுதான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். பெயரை மட்டும் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு வாங்கிக்கொண்டார்.

கடல் பக்கத்திலேயே இருக்க, கால்வாய் எதற்கு? அன்றைய சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. அலைக்கு வெளியே கப்பலை நிறுத்தி, மசூலா படகில்தான் சரக்கை இறக்க வேண்டும். வடகிழக்குப் பருவத்தில் அதுவும் ஆபத்து. விலை மலிவான, எடை அதிகமான சரக்கு இந்தச் செலவைத் தாங்காது. உப்பு, விறகு, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் எல்லாம் கால்வாயில் வந்தது அதனால்தான். சென்னையின் சால்ட் கோட்டார்ஸ் சரக்கு நிலையத்தின் பெயரில் அந்த உப்புக் கொட்டாரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காற்று இருந்தால் பாய். இல்லையென்றால் கழி ஊன்றித் தள்ளுவது, அல்லது கரையில் நடந்து கயிற்றால் இழுப்பது. மார்பில் கயிறு, காலடியில் சேறும் முள்ளும். ஆறு குறுக்கிடும் இடங்களில் லாக் கதவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் சமையல், தூக்கம் எல்லாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வடக்கே ரயில் போன பிறகும் இந்தப் படகுகள் நிற்கவில்லை. அவசரமில்லாத சரக்குக்கு மனித உழைப்பு அவ்வளவு மலிவாகக் கிடைத்தது, வேறு ரகசியம் இல்லை.

1965, 66 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. அதற்குள் மண்ணெண்ணெய் அடுப்பும் லாரியும் வந்துவிட்டன, சரிசெய்ய யாருக்கும் அக்கறையில்லை. நகருக்குள் கால்வாய்ப் படுகையிலேயே பறக்கும் ரயிலின் தூண்களை நட்டார்கள். 2008-ல் இதையே தேசிய நீர்வழி 4-இல் சேர்த்து அறிவித்ததுதான் வேடிக்கை.

நகரத்துக்கான எரிபொருள் இன்றும் எண்ணூருக்குத் தண்ணீரில்தான் வருகிறது. 2001-லிருந்து அங்குள்ள துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல்கள் நிற்கின்றன, கன்வேயர் பெல்ட்டில் கரி அனல் மின் நிலையத்துக்குப் போகிறது. எரிந்த சாம்பலைக் குழாயில் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் கசிகிறது.

போன வருஷம் எண்ணூரில் ஒரு மீனவரோடு கால்வாயில் கொஞ்ச தூரம் போனேன். இரண்டு இடத்தில் படகு தட்டி நின்றது. கோலை ஊன்றி எடுத்துக் காட்டினார், முக்கால்வாசி சாம்பல் நிறம்.

"எறங்கித் தள்ளலாம் சார், ஆழம் இல்ல" என்றார். இறங்கினோம்.