தோல்வியைப் பாடிய புலவன்

வென்றவரைப் பாடுவது புலவர் மரபு. தோற்ற படையைப் பாடி, அத்தோல்வியையே ஒரு நாட்டின் நினைவில் நிலைநிறுத்துவது அரிது. அத்தகைய அரிய பாடல்களுள் ஒன்று, பழைய ஆங்கிலத்தில் எழுந்த 'மால்டன் போர்'. ஆங்கிலோ-சாக்ஸன் மக்களின் வீரப் பாடல்களைக் கற்கப் புகுவோர்க்கு இது நல்லதொரு நுழைவாயில் என்பது நம் கருத்து.

அம்மக்களின் வீர வாழ்வு தலைவனின் விருந்து மண்டபத்தைச் சுற்றியே அமைந்தது. தலைவன் பொன் வளையமும் வாளும் குதிரையும் வழங்குவான். வீரர்கள் விருந்தின்போது அவன் முன்னிலையில் வஞ்சினம் கூறுவர். நாம் செஞ்சோற்றுக் கடன் என்று வழங்குவதே அவர்களுக்கு உயரிய அறம். தலைவன் வீழ்ந்த களத்திலிருந்து உயிருடன் திரும்புவது அழியாப் பழி. ஜெர்மானிய இனத்தாரிடையே இவ்வழக்கம் நிலவியதை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியிலேயே குறித்துள்ளார். அவர்களது செய்யுளோ அடிதோறும் இரு பாதியாகப் பிரிந்து, நம் மோனையைப் போன்ற முதலொலி ஒப்புமையால் பிணைக்கப்படுவது.

கி.பி. 991 (ஹிஜ்ரி 381) ஆகஸ்டு மாதம், எசெக்ஸ் பகுதியின் மால்டன் நகருக்கருகே வைக்கிங் கொள்ளையர் வந்திறங்கினர். எசெக்ஸின் ஆட்சித் தலைவர் பிர்த்நோத், நரைத்த முடியினரானாலும், அவர்களைத் தடுக்கப் படையுடன் நின்றார். திறை தந்தால் போரின்றி அகலுவோம் என்று தூதன் கூவினான். வேலும் வாளுமே நாங்கள் தரும் திறை என்னும் கருத்துப்பட அவர் மறுமொழி பகர்ந்தார். இடையே ஆறு, அதைக் கடக்க, நீர் வடியும்போது மட்டுமே வெளிப்படும் குறுகிய பாதை. அதனை மூன்று வீரர்கள் காத்து நின்றனர். கடக்க இயலாத பகைவர், கரையேற வழிவிடுமாறு கேட்டனர். பிர்த்நோத் வழிவிட்டார்!

இவ்விடத்தில் புலவன் ஆளும் 'ஓஃபர்மோட்' என்ற ஒரு சொல்லே அறிஞர்களை இன்றுவரை வாதிட வைக்கிறது. அளவு மீறிய செருக்கு என்பர் ஒரு சாரார். பெருந்துணிவு என்பர் மற்றொரு சாரார். தன் புகழுக்காகத் தன்னை நம்பி வந்தோரைப் பலியிட்ட குற்றம் என்ற நோக்கில் டோல்கீன் 1953-இல் எழுதினார். வழிவிடாதிருந்தால் கொள்ளையர் கப்பலேறி, காவலற்ற வேறோர் ஊரைச் சூறையாடியிருப்பர் என்பது எதிர்வாதம். நமக்கோ இரண்டும் சேர்ந்தே உண்மையாகத் தோன்றுகிறது. போரைத் தவிர்க்க முடியாத தலைவனும், தன் பெருமிதத்தால் வரம்பு கடக்கக் கூடும்.

பிர்த்நோத் வீழ்ந்தார். அவரிடம் பல குதிரைகளைப் பரிசாகப் பெற்ற கோட்ரிக் என்பவன், அவருடைய குதிரை மீதே ஏறி ஓடினான். குதிரையைக் கண்ட பலர் தலைவரே ஓடுவதாக எண்ணிக் களத்தை விட்டகன்றனர், படை உடைந்தது. எஞ்சியோர் மட்டும் ஒருவர்பின் ஒருவராக உரைத்துப் போரிட்டு மடிந்தனர். அவர்களுள் உயர்குடியினர் உண்டு. முதியவர் பிர்த்வோல்ட் உண்டு. துன்னெரே என்ற எளிய குடியானவரும் உண்டு. கொடை மிகப் பெற்றவன் ஓட, குடியானவர் நின்றார் என்பதை அருகருகே வைத்துக் காட்டிய புலவனின் நடுநிலை போற்றத்தக்கது.

அவ்வாண்டே ஆங்கிலேயர் கொள்ளையருக்கு 10,000 பவுண்டு வெள்ளி கொடுத்து அமைதி வாங்கினர். அது நிலைக்கவில்லை. 994-இல் 16,000, 1002-இல் 24,000, 1012-இல் 48,000 எனத் திறை பெருகியதை ஆங்கிலோ-சாக்ஸன் வரலாற்றேடு பதிவு செய்துள்ளது. 1016-இல் டென்மார்க்கு அரச குலத்தவரான கனூட் இங்கிலாந்தின் அரியணையில் அமர்ந்தார். திறை மறுத்த தலைவரின் பாடலை, இக்கணக்கை அருகில் வைத்துப் படிக்கும்போதுதான் அதன் வேதனை விளங்குகிறது.

பிர்த்நோத்தின் உடலை ஈலி மடத்துத் துறவிகள் எடுத்துச் சென்று அடக்கினர். தலையைப் பகைவர் கொண்டு சென்றதால், மெழுகு உருண்டை ஒன்றை அதனிடத்தில் வைத்தனர் என்று அம்மடத்து ஏடு கூறும். 1769-இல் அவருடையதெனக் கருதப்பட்ட எலும்புகளை ஆராய்ந்தபோது மண்டையோடு காணப்படவில்லை.

பாடலின் கதியும் அவ்வாறே. முதலும் முடிவும் இழந்து, 325 அடிகளே எஞ்சியிருந்த அதன் ஒரே கையெழுத்துச் சுவடி, 1731-இல் லண்டன் ஆஷ்பர்னாம் மாளிகையில் மூண்ட தீயில் எரிந்து போயிற்று. நற்பேறாக, அதற்கு முன்பே ஒருவர் அதனைப் பார்த்துப் படியெடுத்திருந்தார்; தாமஸ் ஹேர்ன் 1726-இல் அதை அச்சிலேற்றியிருந்தார். படியெடுத்தவர் நூலகத்தின் துணைக் காப்பாளர் டேவிட் காஸ்லி என்று அறிஞர்கள் இன்று கருதுகின்றனர். அவருடைய பொறுமையான உழைப்பு இல்லையேல், பிர்த்நோத்தின் பெயரை வரலாற்றேடு காத்திருக்கும். களத்தில் நின்ற துன்னெரேயின் சொல்லை நாம் கேட்டிருக்க மாட்டோம்.