கரும்பலகை முக்கோணம்: இலக்கியக் கூறுகளின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

எட்டாம் வகுப்புக்குத் திருப்புதல் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் வழக்கமான பட்டியல்: கதைக்கரு, கதைப்பின்னல், கதைமாந்தர், களம், முரண். பக்கத்தில் ஒரு முக்கோணம். இடது அடியில் தொடக்கம், நுனியில் உச்சம், வலது அடியில் முடிவு. பதினைந்து வருஷமாக இதை வரைகிறேன். கை தானாகப் போட்டுவிடும். எடுத்துக்காட்டுக்கு அன்றைக்கு 'வெக்கை'யைச் சொன்னேன். பாடத்தில் இல்லாத நாவல்தான். பூமணி எழுதி 1982இல் வந்தது. பிள்ளைகளில் பாதிப்பேர் அதிலிருந்து பிறந்த 'அசுரன்' (2019) படத்தைப் பார்த்திருந்தார்கள். நாவலில், சிறுவன் சிதம்பரம் நிலக்காரன் வடக்கூரானை வெட்டுவதிலிருந்துதான் கதையே கிளம்புகிறது. பிறகு அப்பனும் மகனும் காடு மேடெல்லாம் அலைகிறார்கள். கடைசியில் கோர்ட்டை நோக்கி நடக்கிறார்கள்.

ஒரு பையன் எழுந்தான். "சார், வெட்டுதான் உச்சம்னா அது மொதல்லயே முடிஞ்சுபோச்சே. முக்கோணத்த எங்க சார் போடுறது?" அவனுக்குப் பதில் தேடுவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்: "யாரு யாருக்குச் சொல்றாங்கன்றது ஏன் சார் லிஸ்ட்ல இல்ல?"

இரண்டாவது கேள்விதான் வீடுவரைக்கும் கூடவே வந்தது.

முக்கோணத்துக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. குஸ்டாவ் ஃப்ரைடாக் என்ற ஜெர்மானியர், நாடக உத்தி பற்றி 1863இல் வெளியிட்ட நூலில் போட்ட படம் அது. கிரேக்க நாடகத்தையும் ஷேக்ஸ்பியரையும் ஷில்லரையும் மனதில் வைத்துப் போட்டது. சிறுகதைக்கல்ல, நாவலுக்குமல்ல. (அரிஸ்டாட்டிலிடம் முடிச்சும் அவிழ்ப்பும் உண்டே தவிர முக்கோணம் கிடையாது.) இதே ஃப்ரைடாக் 1855இல் ஒரு நாவல் எழுதினார். தமிழில் 'பற்று வரவு' என்று பெயர் சொல்லலாம். ஜெர்மனியில் பல தலைமுறை விழுந்து விழுந்து படித்தது. அதில் யோக்கியமான ஜெர்மன் வணிகனுக்கு எதிரே நிறுத்தப்படுபவன் பேராசை பிடித்த ஒரு யூதன். போலந்துக்காரர்களோ ஜெர்மானியர் வந்து ஒழுங்குபடுத்த வேண்டிய ஜனங்கள். முதிர்ச்சி ஜெர்மானியனுக்கு, சாவு யூதனுக்கு. பிற்காலத்தில் யூத வெறுப்பை எதிர்த்தும் ஃப்ரைடாக் எழுதினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். நாவலையும் முக்கோணத்தையும் நேராக முடிச்சுப்போடுவதும் என் நோக்கமல்ல. ஆனால் நாயகன் யார், எதிரி யார் என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்ட பிறகுதான் 'ஏறுமுகம்', 'இறங்குமுகம்' என்ற பேச்சுக்கே இடம் வருகிறது. வெக்கையை வடக்கூரான் வீட்டார் சொல்லியிருந்தால் உச்சம் எங்கே விழுந்திருக்கும்?

பட்டியலின் இன்னொரு வேர் அமெரிக்காவில் இருக்கிறது. கிளியந்த் புரூக்ஸ், ராபர்ட் பென் வாரன் இருவரும் 1938இல் கவிதைக்கும் 1943இல் புனைகதைக்கும் கல்லூரிப் பாடநூல்கள் கொண்டுவந்தார்கள். இரண்டாவதில் பின்னல், பாத்திரம், மையக்கருத்து எனப் பகுதி பகுதியாகக் கதைகள் பகுக்கப்பட்டிருந்தன. ஆசிரியனின் வாழ்க்கையையும் காலத்தையும் பிடித்துத் தொங்காமல் பிரதியைப் படி என்பது அவர்கள் கட்சி. போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் கல்லூரிகளை நிரப்பியபோது இது வசதியாகவும் இருந்தது. பின்புலம் எதுவுமில்லாதவனும் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். அதில் ஒரு ஜனநாயகம் இருந்தது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வாரன் 1930இல் தென்மாநில வெள்ளை எழுத்தாளர்களின் தொகுப்பொன்றில் நிறப்பிரிவினைக்கு ஆதரவாக எழுதியவர். பின்னர் அதைக் கைவிட்டார். 1965இல் கறுப்பினத் தலைவர்களை நேரில் கண்டு பேசி ஒரு புத்தகம் போட்டார். அதன் தலைப்பே, நீக்ரோவுக்காகப் பேசுவது யார் என்ற கேள்வி. பாடநூல் பட்டியலில் விடுபட்டது வாசலைத் தட்டிக்கொண்டு அவரிடமே வந்திருக்கிறது.

நம் சிறுபத்திரிகை மரபும் இதில் கை நனைத்ததுதான். 1959இல் 'எழுத்து'வைத் தொடங்கிய சி. சு. செல்லப்பாவின் அலசல் முறை அமெரிக்கப் புதுத் திறனாய்வுக்குக் கடன்பட்டது. பள்ளிக்கூடப் பட்டியலைக் கேலி செய்யும் உரிமை நமக்கு அரைவாசிதான்.

அந்தப் பெண் கேட்டது நமக்குப் புதிதா என்றால், இல்லை. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. மாத்திரையும் அசையும் மட்டுமல்ல. களன், காலம், பயன், மெய்ப்பாடு உண்டு. கூற்று உண்டு, கேட்போர் உண்டு. சொல்பவர் மட்டுமல்ல, கேட்பவரும் பிரதியின் உறுப்பு! சி. வை. தாமோதரம் பிள்ளை 1885இல் பொருளதிகாரத்தை அச்சேற்றியதிலிருந்து இது யார் கைக்கும் எட்டக்கூடியது. நடுநிலைப் பள்ளி வகுப்புக்குத்தான் எட்டவில்லை.

இங்கே நிறுத்திவிட்டால் 'எல்லாம் நம்மிடம் இருந்தது' என்ற பழம்பெருமைப் பாட்டில் போய்ச் சேரும். அதே பொருளதிகாரத்தில், அகத்திணையியலில், அடியோரையும் வினைவலரையும் பற்றி ஒரு விதி வருகிறது. அவர்களைப் பாட்டில் வைக்கலாம், ஆனால் ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளை பெருந்திணையில். இளம்பூரணர் காரணமும் சொல்கிறார்: பிறர்க்குக் குற்றேவல் செய்பவர் அறம் பொருள் இன்பம் வழுவாமல் ஒழுகுவது அரிது; நாணமும் அவர்களுக்குக் குறைவு. அதாவது அன்பின் ஐந்திணையில் தலைவனாக நிற்க ஒருவனுக்கு வேண்டியது காதல் மட்டுமல்ல, எவனுடைய ஏவலிலும் இல்லாத நிலை. இந்த விதிப்படி சிதம்பரத்தின் அப்பனும் ஆத்தாளும் என் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றவர்களும் திணைக்கு வெளியே. கூற்றையும் கேட்போரையும் எண்ணிவைத்த அதே கை, யார் கூற்று செல்லும் என்பதற்குக் கோடும் போட்டிருக்கிறது. கூறுகளின் பட்டியல் எந்தக் காலத்திலும் வெறும் பட்டியலாக இருந்ததில்லை.

மறுநாள் வகுப்பில் இதையெல்லாம் சொல்லவில்லை. முக்கோணத்தை அழித்துவிட்டு, பட்டியலின் கீழே 'கூற்று', 'கேட்போர்' என்று இரண்டு வரி சேர்த்தேன். "பரீட்சைக்கு வருமா சார்?" என்றார்கள். வராது என்றேன். பாதிப்பேர் எழுதிக்கொள்ளவில்லை.

தேர்வில் ஒரு சிறுகதையைக் கொடுத்து, அதன் கூறுகளை விளக்கச் சொல்லி ஒரு கேள்வி. ஐந்து மதிப்பெண், விடைக்குறிப்பில் ஐந்து கூறுகள், கூறுக்கு ஒன்று. அந்தப் பெண் நான்கை ஒழுங்காக எழுதிவிட்டு, கதைக்கருவுக்குப் பதில் ஐந்தாவதாகக் கேட்போரை எழுதியிருந்தாள். கதை வீட்டுவேலை செய்யும் ஒரு அம்மாவைப் பற்றியது, ஆனா அவங்களுக்குச் சொல்லலை, அவங்கள வேலைக்கு வச்சிருக்கவங்களுக்குச் சொல்லியிருக்கு என்று இரண்டு வரி. ஐந்து போட்டேன். விடைக்குறிப்பில் இல்லாததற்கு எப்படி மார்க் என்று யாராவது கேட்டால் காட்டுவதற்குத் தொல்காப்பியத்தில் செய்யுளியல் பக்கத்தை மட்டும் மடித்து வைத்திருக்கிறேன்.