குடும்ப வன்முறையும் அகதிப் பாதுகாப்பும்: பலெர்மோவிலிருந்து ஒரு குறிப்பு

1980களிலிருந்து இலங்கைத் தமிழர் பலெர்மோவில் வாழ்ந்து வருகின்றனர். சைவர்களும்கூட மொந்தே பெல்லெக்ரினோ மலையேறிச் சாந்தா ரோசாலியாவை வணங்குமளவுக்கு நகரோடு ஒன்றிவிட்ட சமூகம் இது. எனினும், கணவனின் அடிக்கு அஞ்சும் பெண்ணுக்கு இந்நாட்டுச் சட்டம் என்ன தருகிறது என்பதை நம்மவர் பலர் அறியார். அதையே இங்கு சுருக்கித் தருகிறேன்.

முதலில் ஒரு வேறுபாடு. வன்முறை ஊரில் நடந்து, திரும்பிப்போனால் மீண்டும் நடக்கும் என்ற அச்சமிருந்தால் அது அகதிக் கோரிக்கை. இத்தாலியிலேயே நடந்தால் வழி வேறு. 2013இல் குடிவரவுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 18-பிஸ் பிரிவின்படி, அவள் பாதுகாப்புக்கு உண்மையான ஆபத்து உண்டெனக் கண்டால், ஓராண்டுக்குத் தனி வதிவிட அனுமதி (நம்மவர் பேச்சில் 'சொஜோர்னோ') வழங்கலாம். அதைக்கொண்டு வேலையும் செய்யலாம். 'புருஷனை விட்டால் நாட்டையும் விடவேண்டும்' என்று மிரட்டுவது ஆதாரமற்றது.

அகதிக் கோரிக்கைக்கு வருவோம். 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து என்ற ஐந்து காரணங்களையே சொல்கிறது. பெண் என்பது அதில் இல்லை. இந்த இடைவெளியைத் தீர்ப்புகளே நிரப்பின. 1999இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை, இரு பாகிஸ்தானியரின் வழக்கில், அந்நாட்டுப் பெண்களை ஒரு சமூகக் குழுவாக ஏற்றது. இத்தாலி 2013இல் ஏற்றுறுதி செய்த இஸ்தான்புல் உடன்படிக்கையின் 60ஆம் உறுப்புரையும் இதற்குத் துணை. 2017இல் இத்தாலிய உச்ச நீதிமன்றம், ஒரு மொரோக்கோப் பெண்ணின் வழக்கில், குடும்ப வன்முறையும் மனிதத்தன்மையற்ற நடத்துகையாகலாம் என்றது. 2024 ஜனவரி 16இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஒரு நாட்டுப் பெண்கள் முழுவதுமே சமூகக் குழுவாகலாம் எனத் தீர்ப்பளித்தது.

ஆனால் அடிபட்டதை மட்டும் நிறுவினால் போதாது. அவளது அரசு காக்க முடியாததை அல்லது காக்க விரும்பாததையும் காட்டவேண்டும். இலங்கையில் 2005இன் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உண்டு. 2024இல் இத்தாலி இலங்கையைப் 'பாதுகாப்பான நாடுகள்' பட்டியலிலும் சேர்த்தது. அதனால் கதவு மூடிவிடவில்லை. தன் தனிப்பட்ட ஆபத்தை விளக்கும் சுமையே கூடியது. 'ஏன் பொலிசுக்குப் போகவில்லை?' என்ற கேள்வி வரும். போனபோது என்ன சொன்னார்கள், போகாவிட்டால் யார் தடுத்தார்கள் என்பதே விடையாகவேண்டும்.

இங்குதான் நம் மொழி குறுக்கே நிற்கிறது. 'குடும்பப் பிரச்சினை', 'கோபத்தில் கை நீட்டினார்' என்று மூடிச் சொல்வது நம் வழக்கம். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே இத்தாலியில் சொன்னால், ஆணைக்குழுவின் பதிவில் அது தம்பதியர் சச்சரவாகவே நிற்கும். பல்லுடைந்ததைப் பல்லுடைந்தது என்றே சொல்லவேண்டும். மானம் காக்கும் சொல் உயிரைக் காக்காது என்பது என் துணிபு.

பலெர்மோவில் ஆளை ஆள் தெரியும். மொழிபெயர்ப்பவர் கணவனுக்கு உறவென்றால் தயங்காமல் வேறொருவரைக் கேட்கலாம். பெண் அதிகாரியையும் பெண் மொழிபெயர்ப்பாளரையும் கோரலாம். இயன்றவரை அதற்கு இடமளிக்கவேண்டும் என்பது விதி. 1522 என்ற கட்டணமற்ற தேசியத் தொலைபேசி இலக்கம் இரவும் பகலும் இயங்குகிறது. இதை வாசிப்போர் தமக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கேனும் அந்த நான்கு இலக்கங்களைச் சொல்லி வைப்பார்களாக.